தீவுக்கு ஓர் உறுப்பினர்

பிறர் பேசியதைக் கேட்டு எழுதுவது என் வேலை. விசாரணைகள், கருத்தரங்குகள், கம்பெனிக் கூட்டங்கள் என்று உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் யாரோ பேசியது ஒலிப்பதிவாக வந்து சேரும். கணினி முதலில் ஒரு பிரதியைத் தட்டிக் கொடுத்துவிடும். அதைத் திரையில் வைத்துக்கொண்டு, பதிவை ஓடவிட்டு, கணினி தப்பாகக் கேட்டதை நான் திருத்துவேன். பாசிர் ரிஸ்ஸில் எங்கள் வீட்டுச் சின்ன அறைதான் என் அலுவலகம். சன்னலிலிருந்து கடல் தெரியாது. கடற்காற்று மட்டும் வரும். வாரத்தில் ஒரு நாள் ஃபேரர் பார்க்கில் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கும் உண்மையான அலுவலகத்துக்குப் போவேன்.

போன ஆண்டு எங்களுக்கு ஒரு நீண்ட வேலை வந்தது. ஒரு பெரிய நாட்டுக்குள் தனிநாடு மாதிரியே இருக்கும் ஒரு பகுதி. அதற்கென்று ஒரு சட்டமன்றம் உண்டு. தலைநகரில் இருக்கும் பெரிய நாடாளுமன்றம் பள்ளிக்கூடம், மருத்துவமனை, சாலை என்று சில அதிகாரங்களை மட்டும் பிரித்து அதன் கையில் கொடுத்திருந்தது. கொடுத்து வெகுகாலமாகிவிட்டதால், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு குழுவை அமைத்திருந்தார்கள். குழுவிடம் மூன்று கேள்விகள் இருந்தன. அந்தச் சட்டமன்றத்தில் எத்தனை பேர் இருக்க வேண்டும், அவர்களுக்கு இன்னும் என்னென்ன அதிகாரம் கொடுக்கலாம், அவர்களை எந்த முறையில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது. இந்த மூன்றையும் கேட்டுக்கொண்டு குழுவினர் ஊர் ஊராகப் போனார்கள். அங்கே மாலையில் பேசி முடித்தது இங்கே மறுநாள் காலையில் என் கணினிக்கு வந்துவிடும். பெயர்கள் எதையும் நான் எழுதப்போவதில்லை, ஊர்ப் பெயர்களைக்கூட.

முதல் வாரம் அலுப்பாக இருந்தது. பிறகு எப்படியோ அந்தக் குரல்கள் எனக்குப் பழகிவிட்டன. அந்த ஊர்களில் எப்போதும் மழை. மண்டபத்துக் கூரையில் மழை விழும் சத்தம் எல்லாப் பதிவிலும் இருந்தது. யாரோ தேநீர்க் கோப்பையைக் கீழே வைப்பார்கள். யாரோ குடையை உதறிக்கொண்டு தாமதமாக உள்ளே வருவார்கள். குழுத் தலைவருக்கு மெல்லிய, களைத்த குரல். எந்தக் கேள்வியையும், யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது என்பதுபோலக் கேட்பார். நான் அரிசி களையும்போதும் துணி காயப்போடும்போதும் அந்தக் குரல் என் தலைக்குள் பேசிக்கொண்டிருக்கும். இங்கே மத்தியான வெயிலில் கட்டடங்கள் வெளுத்துக் கிடக்கும். நான் மட்டும் எங்கேயோ மழை பெய்கிற ஊரில், பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். சில சமயம் என் கணவர் அறைக் கதவைத் தட்டிச் சாப்பிடக் கூப்பிட்டால், எந்த ஊருக்குத் திரும்பி வருவது என்று ஒரு கணம் குழம்பும்.

இந்த வேலையை என்னோடு பகிர்ந்துகொண்டவர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். நாற்பது வயதிருக்கும். அவர் கணவர் கப்பல் பட்டறையில் பொறியாளர். என்னை அக்கா என்பார். ஒருவர் திருத்தியதை மற்றவர் ஒருமுறை கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பது அலுவலக வழக்கம். அதனால் நான் கேட்ட குரல்கள் எல்லாவற்றையும் அவரும் கேட்டார். அலுவலகத்துக்குப் போகும் நாளில் மத்தியானம் இருவரும் கீழே இறங்கிப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குப் போவோம். மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சட்டமன்றத்தில் எத்தனை பேர் இருக்கலாம் என்று பேசுவோம்.

அவருக்கு அந்த மூன்றாவது கேள்விதான் பிடித்தமானது. அங்கே அப்போது இருந்த முறையில் ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர். அதிக ஓட்டு வாங்கியவர் வெற்றி. அதை மாற்றி, பல தொகுதிகளை ஒன்றாக்கி, கட்சிகள் வாங்கும் ஓட்டுக்குத் தக்கபடி ஐந்து ஐந்து பேராக அனுப்பலாம் என்று ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பட்டியல் முறை என்று பெயர்.

"அதுதான்க்கா நியாயம்," என்றார் அவர். "எங்க அப்பா ஆயுசு பூரா ஒரே சின்னக் கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டாரு. ஒரு தடவைகூட ஜெயிச்சதில்ல. அவரு போட்ட ஓட்டெல்லாம் எங்க போச்சு? பட்டியல் முறைன்னா அதுல ஒண்ணாவது எங்கயாவது சேர்ந்திருக்கும்."

"உங்க அப்பாவுக்குப் போடறதுக்காவது ஓட்டு இருந்துச்சுலா," என்றேன் நான்.

எனக்கு ஓட்டுரிமை வந்த பிறகு நடந்த முதல் தேர்தலில் நாங்கள் குடியிருந்த இடத்தில் போட்டியே இல்லை. எதிர்த்து யாரும் நிற்கவில்லை. வேட்புமனுத் தாக்கல் முடிந்த அன்றே உறுப்பினர்கள் தேர்வாகிவிட்டார்கள். அடுத்தடுத்த தேர்தல்களிலும் அப்படியே. முதன்முதலாக நான் வாக்குச்சாவடிக்குள் போனபோது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன். ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையில் நின்றது நினைவிருக்கிறது. எல்லாரும் ஆஸ்பத்திரியில் காத்திருப்பதுபோல அமைதியாக இருந்தார்கள். சீட்டை மடித்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, இவ்வளவுதானா என்றும் இருந்தது, நடை கொஞ்சம் லேசாகவும் இருந்தது. இதைச் சொன்னதும் அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

ஒரு தீவுக்காரியின் குரல் வந்தது நடுவில் ஏதோ ஒரு வாரத்தில். பெருநிலத்திலிருந்து படகில் போக வேண்டிய ஒரு சின்னத் தீவு. குழு அங்கே போகவில்லை. அவர்தான் படகேறி, கரையோர ஊர் ஒன்றில் நடந்த கூட்டத்துக்கு வந்திருந்தார். வயதான குரல். ஆங்கிலம்தான், ஆனால் சொற்களின் ஓரமெல்லாம் தேய்ந்துபோன ஆங்கிலம். கணினி அவரிடம் தோற்றுப்போய்ப் பாதி இடங்களைக் காலியாக விட்டிருந்தது. நானும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டேன்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. சட்டமன்றத்தில் மொத்தம் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கட்டும், எங்கள் தீவுக்கு இப்போது இருப்பதுபோல எப்போதும் ஓர் உறுப்பினர் இருக்க வேண்டும். குழுத் தலைவர் தன் களைத்த குரலில் விளக்கினார். பட்டியல் முறை வந்தால் தீவு, எதிரே இருக்கும் பெருநிலத்தோடு சேர்ந்துவிடும். ஆனால் ஐந்து பேர் உங்களுக்காகப் பேசுவார்கள். ஒருவருக்குப் பதில் ஐந்து பேர் என்றால் உங்களுக்கு அது லாபம்தானே?

அவர் பதில் சொல்லவில்லை.

பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. கூரையில் மழை. யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். தூரத்தில் ஒரு கடற்பறவை கத்தியது. அதே நேரம் எங்கள் கட்டடத்துக்குக் கீழே மரத்திலிருந்து ஒரு குயிலும் கூவியது. எது பதிவில் இருக்கிறது, எது வெளியே இருக்கிறது என்று தெரியாமல் நான் ஹெட்ஃபோனைக் கழற்றிப் பார்த்து மறுபடி மாட்டிக்கொண்டேன். அப்போதும் அவர் பேசவில்லை. கடைசியில், "நன்றி, நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்" என்று மட்டும் கேட்டது. எழுந்து போகும் காலடிச் சத்தம்.

கணினிப் பிரதியில் கேள்விக்கு அடுத்த வரியிலேயே நன்றி இருந்தது. படிப்பவருக்கு, ஐந்து பேர் என்றதும் அந்த அம்மாள் திருப்தியாகி நன்றி சொல்லிவிட்டுப் போனதுபோலத்தான் தெரியும். நான் நடுவில் ஒரு வரி சேர்த்தேன். 'சிறிது நேரம் பேசாமல் இருக்கிறார்.'

அலுவலக நாளில் தஞ்சாவூர் நண்பர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, பேசுனத மட்டும்தான எழுதணும்? பேசாததையும் எழுத ஆரம்பிச்சா அப்புறம் இருமல், தும்மல் எல்லாம் வரும்."

"இது இருமல் இல்ல. கேள்விக்கு அவங்க பதில் சொல்லல. அது தெரியணும்ல."

"உங்களுக்குத் தீவு ஜெயிக்கணும். அதனாலதான் எழுதுறீங்க."

எனக்குச் சுருக்கென்றது. அதில் கொஞ்சம் உண்மை இருந்ததால்தான் சுருக்கென்றது என்று நினைக்கிறேன். எந்தப் பக்கமும் சாயக்கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் பாடம். நான் அந்த அம்மாளின் பக்கம் எப்போதோ போய் உட்கார்ந்துவிட்டேன். வரியை எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை. குழுவின் அலுவலகத்துக்கே ஒரு குறிப்பு அனுப்பினோம். காலியாக இருக்கும் இடங்களும் நிறைய என்று அதில் சொல்லியிருந்தோம்.

அவர்கள் ஓர் ஏற்பாடு செய்தார்கள். அந்த அம்மாள் மின்னஞ்சல் பார்க்கிறவர் இல்லை. தொலைபேசியில் அவரையே கூப்பிட்டுத் தருகிறோம், கேட்காத இடங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். அவர்களுக்குக் காலை, எங்களுக்குச் சாயங்காலம். மேசையில் ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். சாலையில் பூக்கடைகளுக்குச் சரக்கு இறக்குகிறார்கள்போல. சன்னல் வழியாக மல்லிகை வாசம் வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் குழுவின் அதிகாரி ஒருவர் அறிமுகம் செய்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

காலி இடங்கள் சீக்கிரமே நிரம்பிவிட்டன. எல்லாம் படகைப் பற்றியவை. படகு எந்தத் துறையில் நிற்கும், அலை அதிகமானால் எங்கே திரும்பிவிடும் என்ற விவரங்கள். அந்தப் படகுப் போக்குவரத்துக்கு அவர்களின் சட்டமன்றம் பொறுப்பில்லை. அந்த அதிகாரத்தைப் பெரிய நாடாளுமன்றம் தன்னிடமே வைத்திருந்தது. அதைத்தான் அவர் கூட்டத்தில் பாதி நேரம் திட்டியிருக்கிறார். எங்களுக்குத்தான் புரியவில்லை.

பிறகு நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "ஐந்து பேர் வருவார்கள் என்று தலைவர் சொன்னபோது நீங்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அதை எழுதலாமா, வேண்டாமா?"

அவர் சிரித்தார். ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். "அப்போ நான் மனசுக்குள்ள பார்த்துக்கிட்டிருந்தேன்மா. அந்த அஞ்சு பேருல யாரு குளிர்காலத்துல படகேறி வருவாங்கன்னு. ஒவ்வொருத்தரும் இன்னொருத்தர் போயிருப்பாருன்னு நினைச்சுக்குவாங்க. அதை அவர்கிட்ட சொல்ல வாயெடுத்தேன். நல்ல மனுஷன், களைச்சுப் போயிருந்தாரு. சொல்லல."

நண்பர் என்னைப் பார்த்தார். பிறகு ஒலிபெருக்கியின் பக்கம் குனிந்து, "ஆனால் உங்கள் தீவிலேயே தோற்ற கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்கள் இருப்பார்களே, அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். வேலையோடு சம்பந்தமில்லாத கேள்வி. அதிகாரி ஏதாவது சொல்வாரோ என்று பயந்தேன்.

"என் பக்கத்து வீட்டுக்காரர் அப்படித்தான்," என்றார் அந்த அம்மாள். "அவர் ஜெயிச்ச ஆளுக்கு ஓட்டுப் போட்டதே கிடையாது. பட்டியல் முறை வரணும்னு அவருக்கு ஆசை. நாங்க ரெண்டு பேரும் ஒரே படகுலதான் வந்தோம். நான் ஒண்ணு சொன்னேன், அவர் நேர்மாறா ஒண்ணு சொன்னார். திரும்பிப் போறப்ப என் பையை அவர்தான் தூக்கிக்கிட்டு வந்தார்."

பிறகு அவர் எங்களைக் கேட்டார். நீங்கள் இருக்கும் ஊருக்கு எத்தனை உறுப்பினர்கள்? எங்கள் ஊர்தான் எங்கள் நாடு, ஒரே நாடாளுமன்றம்தான் என்று விளக்கினேன். "அப்போ அதிகாரம் கொடுங்கன்னு கேக்கறதுக்கு உங்களுக்கு மேல யாருமே இல்லையா?" என்று ஆச்சரியப்பட்டார். நான் அப்படி யோசித்ததே இல்லை. எங்கள் பக்கத்தில் இருப்பது குழுத்தொகுதி, நாலைந்து பேர் ஒரே அணியாக நின்று ஒன்றாகத் தேர்வாவார்கள் என்றும் சொன்னேன்.

"அட, உனக்கும் அஞ்சு பேரா? அவங்கள்ல யாரு வந்தாங்க?"

யார் வந்தார்கள். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. என் கணவருக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்த ஆண்டு, நாங்கள் பழைய வீட்டில் இருந்தோம். அந்தக் கட்டடத்தில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. எங்கள் மாடிக்கு ஒரு மாடி மேலே இறங்கி, படிக்கட்டில் அவரைத் தாங்கிப் பிடித்து இறக்கிக்கொண்டு வருவேன். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நாடாளுமன்ற உறுப்பினர் மக்களைச் சந்திக்கும் நாளில், பிளாஸ்டிக் நாற்காலியில் முறைக்காகக் காத்திருந்து போய்ச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் அவரே வந்து, அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுப் போனார். மின்தூக்கி எங்கள் மாடியில் நிற்க இன்னும் வெகுநாள் ஆயிற்று. ஆனால் அவர் படியேறியபோது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியதை நான் மறக்கவில்லை. மற்ற உறுப்பினர்களின் முகங்களைச் சுவரொட்டியில்தான் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் சொன்னேன்.

"ஒருத்தர் வந்தார்," என்றார் அந்த அம்மாள். "அது போதும். அஞ்சு பேருல ஒருத்தர் வந்தா எனக்கும் போதும்." கொஞ்சம் பொறுத்து, "அந்த வரியை எழுதிக்கோ. நான் பேசாம இருந்தது நெசந்தானே," என்றார்.

தொலைபேசியை வைத்த பிறகு நண்பர் பிரதியைத் திரையில் திறந்தார். பிறகு அந்த வரியைத் தானே தட்டினார். நான் எழுதியிருந்ததைவிடச் சுருக்கமாக: 'பதில் இல்லை.' அதுதான் சரியாக இருந்தது.

அதன்பிறகு அந்த வேலை மெல்ல வடிந்துவிட்டது. கூட்டங்கள் முடிந்தன. மழைச் சத்தம் வருவது நின்றது. வேறு பதிவுகள் வந்தன; நாலைந்து மாதம் ஒரு மருந்துக் கம்பெனிக்காரர்களோடு வாழ்ந்தேன். ஆனாலும் வெயில் சாய்ந்த சில நேரங்களில், காதில் எதுவும் இல்லாமலே அந்தக் கடற்பறவை கத்துவது கேட்கும். ஒருநாள் பாசிர் ரிஸ் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, எதிரே தெரிந்த சின்னத் தீவைப் பார்த்து, அங்கே யாருக்கு யார் உறுப்பினர் என்று யோசித்துக்கொண்டே வழியை விட்டு வெகுதூரம் போய்விட்டேன்.

குழுவின் முடிவு ஒரு செய்தியாளர் கூட்டத்தின் பதிவாக எங்களுக்கு வந்தது. அன்று அலுவலக நாள் என்பதால் இருவரும் ஆளுக்கொரு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒன்றாகவே கேட்டோம். அதே களைத்த குரல். சட்டமன்றத்தில் உறுப்பினர்கள் கூட வேண்டும், இப்போது இருப்பவர்களால் எல்லாச் சட்டத்தையும் ஒழுங்காகப் படித்துப் பார்க்க நேரம் போதவில்லை என்றார் தலைவர். பட்டியல் முறைக்கு மாற வேண்டும் என்றார். தீவு பெருநிலத்தோடு சேரும். யாரோ ஒரு செய்தியாளர் தீவைப் பற்றிக் கேட்டார். ஓர் இடத்துக்கு விலக்குக் கொடுத்தால் மலைக்கிராமங்களுக்கும் கொடுக்க வேண்டிவரும், எங்கே நிறுத்துவது என்று எங்களுக்குத் தெரியவில்லை என்றார் தலைவர். அப்படிச் சொல்லும்போது அவர் குரல் இன்னும் தாழ்ந்தது. பிறகு அதிகாரங்களுக்கு வந்தார். புதிதாகக் கொடுக்கச் சொன்னவற்றில் முதலாவது, படகுப் போக்குவரத்து. அது இனி சட்டமன்றத்தின் கையில் இருக்க வேண்டும்.

நான் பதிவை நிறுத்தினேன்.

"நான் சொன்ன முறைதான் வந்திருக்கு," என்றார் நண்பர். "ஆனா எனக்குச் சந்தோஷமா இல்லக்கா."

"எனக்கும் துக்கமா இல்லலா. படகு கிடைச்சிருக்கே."

"பெரிய நாடாளுமன்றம் ஒத்துக்கணுமே."

"ஒத்துக்கணும்தான்."

அந்த அம்மாளுக்கு இது தெரிந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்லியிருப்பார். அவருக்கு உள்ளூரச் சந்தோஷம் இருந்திருக்கும். ஆனாலும் மெதுவாகத்தான் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன். எங்களுக்கு அந்த அம்மாளைக் கூப்பிட எந்தக் காரணமும் இல்லை. கேட்காத இடம் எதுவும் அந்தப் பதிவில் இல்லை.

நண்பர் அந்த ஆண்டு தேர்தலுக்கு ஊருக்குப் போனார். இங்கே வந்தபின் ஓட்டுப் போடுவதற்காக அவர் போனது அதுதான் முதல் தடவை. அப்பாவின் கட்சி அப்போது ஏதோ கூட்டணியில் கரைந்துபோயிருந்ததாம். யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது மையின் கறை இன்னும் விரலில் இருந்தது. கடையில் சாப்பிடும்போது அந்தக் கையால்தான் எனக்கு ஊறுகாய் எடுத்து வைத்தார்.

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை நானும் என் கணவரும் சாங்கி படகுத்துறைக்குப் போனோம். அங்கிருந்து புலாவ் உபின் தீவுக்குப் படகு உண்டு. இத்தனை ஆண்டு பக்கத்திலேயே இருந்தும் நாங்கள் போனதில்லை. அந்தப் படகுக்கு நேரம் கிடையாது. ஆள் நிரம்பினால்தான் எடுப்பார்கள். நாங்கள் ஏறி உட்கார்ந்து வெகுநேரமாகியும் இரண்டு பேர் குறைந்தார்கள். படகுக்காரர் ஒரு காலைக் கரையிலும் ஒரு காலைப் படகிலும் வைத்தபடி சும்மா நின்றார். தண்ணீர் அசைந்துகொண்டிருந்தது. சைக்கிளோடு வந்திருந்த ஒரு சீனத் தம்பதி தூங்கியே விட்டார்கள்.

கடைசியில் துறையின் படிக்கட்டில் மலாய்க்காரர் ஒருவர் மகளோடு மெதுவாக இறங்கி வருவது தெரிந்தது. அவசரப்படாமல், பேசிக்கொண்டே வந்தார்கள். என் கணவர் எழுந்து, முழங்காலைத் தடவிவிட்டுக்கொண்டு, அவர்களுக்கு இடம் விட்டு உள்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

"இனி கிளம்பிடும்," என்றார்.